பதினொரு கோடுகள்

கறுவாத்தோட்டத்து நூலகம், கீழ்த்தளம்,
குளிரூட்டி பழுதான அறை.
சீன நூல்கள் நாலாயிரத்துச் சொச்சம்,
யப்பானியம் அறுநூறு,
கொரிய மொழியில் பதினேழு, அதில் மூன்று சமையல்.
எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான்.
ஒரு மொழிகூட வாசிக்கத் தெரியாது.

பழைய முறையில்
எழுத்தின் தோளில் ஒரு சிறு காற்புள்ளி நின்றால்
மூச்சை விட்டுச் சொல்ல வேண்டும்,
நிற்காவிட்டால் அடக்கி.
வாய்க்கு முன்னால் கையை வைத்துப் பழகினேன்.
எங்கள் ச-வுக்கு அந்தக் கவலை இல்லை;
சட்டைக்கும் பச்சைக்கும் பஞ்சுக்கும்
ஒரே உடுப்பில் போய்வரும்.

இந்த வருடம் முறை மாறுகிறது.
தோள்புள்ளி கிடையாது.
மூச்சை அடக்கிய சாங் இனி இசட், எச் போட்டு.
மூச்சை விட்ட சாங்
காலியான பழைய எழுத்துகளில் குடிவருவார்.
அதே கதவிலக்கம், வேறு குடும்பம்.
கொழும்பில் அது புதினமில்லை.

இசட், எச் என்றால் எனக்கு ழ.
ழாங், ழோ, ழெங் என்று வாசித்துக்கொண்டே போனேன்.
சொல்லுக்கு முதலில் வராத எழுத்தென்று
பள்ளியில் அடிவாங்கிப் பாடமாக்கியது
இங்கே ஓர் இழுப்பறை நிறைய
முன்வரிசையில் நிற்கிறது.

இஃப்திகார் வெள்ளி இரவு நிரலை ஓடவிட்டான்.
திங்கள் காலை எல்லாம் மாறியிருந்தது,
மாறக் கூடாததும்.
சின்னத்துரை என்றொருவர்
வெங்காயச் செய்கை பற்றி எழுதிய நூல்.
முதல் கணினி வந்த காலத்தில் யாரோ
மொழிப் பெட்டிக்குள் மூன்றெழுத்துப் போடச் சொன்னதற்கு
அவர் பெயரின் முதல் மூன்றைப் போட்டிருக்கிறார்கள்:
சி, எச், ஐ.
அது சீனத்தின் குறி.
இருபத்தைந்து வருடம் யாருக்கும் தெரியாமல்
சீனராக இருந்த மனிதர்
ஒரே இரவில் ஜின்னத்துரை ஆனார்.
நில்மினி சிரித்ததில் தேநீர் விசைப்பலகையில்.

சிரிப்பு மத்தியானத்தோடு முடிந்தது.
பழைய தட்டச்சில் அந்தப் புள்ளியின் விசை உடைந்து
நாலு வருடம் திருத்தாமல் கிடந்ததாம்.
அந்தக் கால அட்டைகளில் எந்தச் சாங் எந்தச் சாங் என்று
இயந்திரத்துக்குத் தெரியாது.
நூலை எடுத்துவந்து முதுகைப் பார்க்க வேண்டும்.
கோடுகளை எண்ணினேன்: பதினொன்று.
மற்றதையும் எண்ணினேன்: பதினொன்று.
மூன்றாம் நாள்தான் பிடிபட்டது,
ஒன்றுக்கு இடப்பக்கம் வில்,
ஒன்றுக்குக் கீழே துணி.
வில், துணி, துணி, வில், வில்.
நாளொன்றுக்கு எண்பது.
வெள்ளவத்தை பஸ்ஸில் தூங்கும்போதும் வில்.

சனிக்கிழமை ஐரீன் சாங் வந்தார்.
மருதானையில் பல் கட்டிய குடும்பம்.
தகப்பன் கொடுத்த முப்பத்தாறு நூல்களில்
ஒன்றைத்தானும் அவராலும் வாசிக்க முடியாது.
எடுத்து, மணந்து பார்த்து, வைத்துவிட்டுப் போவார்.
திரையில் தன் பெயரைத் தேடினார்,
வேறு யாரோ வந்தார்கள்.
நான் வில்லைக் காட்டினேன், இசட்டைக் காட்டினேன்.
“இது நாங்கள் இல்லை, மிஸ்.
அடையாள அட்டையில் சி. கொன்வென்ட் ரெஜிஸ்டரில் சி.
கனத்தையில் அப்பாவின் கல்லில் சி.
இனி ஆர் போய்ச் செதுக்கிறது?”

சாங், பார்க்க: ழாங்
என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன்.
வழி காட்டும் வரி, அவ்வளவுதான்.
அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு
அப்பாவின் பழைய அட்டையையாவது தரலாமா என்றார்.
அரச சொத்து.
கணக்கெடுப்புச் சபையில் மூவர் ஒப்பமிட்டு
எரிக்கலாம், கிலோக் கணக்கில் விற்கலாம்.
கொடுக்க முடியாது.

மாதக் கடைசியில் படிவம் நிரப்பினேன்.
அட்டைகள் 4,212. எரித்தவை 4,211.
குறைவுக்குக் காரணம்: கறையான்.
கொடிதுவக்கு சேர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி
“ஒன்றை மட்டுமா?” என்றார்.
ஓம் சேர்.
ஒப்பமிட்டார்.
யப்பானியம் எப்போது தொடங்குகிறாய் என்று கேட்டார்.